கேட்கும் தூரம்

மாலை ஐந்தரைக்குப் பிறகுதான் அந்தப் பெண்கள் இருவரும் தெருவுக்குள் வருகிறார்கள். தோளில் துணிப்பை, கையில் அட்டை, அட்டையில் கவ்விய தாள்கள். சமூகப்பணி படிக்கும் மாணவிகள். பகலில் வந்தால் காமயகவுண்டன்பட்டியில் யாரைப் பார்க்க முடியும் என்பது அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. பொழுது விடியுமுன்பே ஜீப்புகள் வந்துவிடும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாக நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடும். ஆண்களில் பலர் வயலில், அல்லது திராட்சைப் பந்தலுக்கு அடியில். பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் வயசானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், காய்ச்சலில் படுத்தவர்கள்தான் திறப்பார்கள். அவர்களை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போய், இந்த ஊருக்கு இவ்வளவு கவலை என்று சொன்னால் அது ஊர்க்கணக்கு ஆகாது. மூத்தவள் இதை இளையவளுக்கு டீக்கடையில் நின்றபடி சொல்கிறாள். கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் கேட்கிறது.

அட்டையில் இரண்டு படிவங்கள். மனச்சோர்வுக்கு 9 கேள்விகள், பதற்றத்துக்கு 7 கேள்விகள். பி.எச்.க்யூ-9, ஜி.ஏ.டி-7 என்று ஆய்வாளர்கள் சொல்கிறவை. முன்னது 2001-லும் பின்னது 2006-லும் அமெரிக்காவில் ஸ்பிட்சர், க்ரோன்கே, வில்லியம்ஸ் முதலானோர் உருவாக்கி வெளியிட்டவை. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் கெட்டதா, எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனதா, சாப்பாடு இறங்கவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. முதல் படிவத்தின் உச்சம் 27, இரண்டாவதின் உச்சம் 21. கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டால் அந்த ஆளை மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது பரவலாக உள்ள வழக்கம்.

மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் ஒருவர் பேனாவை வாங்கி, தானே படித்து, யார் காதிலும் விழாமல் டிக் அடித்துக் கொடுப்பதற்காகச் செய்த தாள் அது. இங்கே ஒருத்தி அதை வாய்விட்டுப் படிக்கிறாள், எதிரில் இருப்பவர் வாய்விட்டுப் பதில் சொல்கிறார். திண்ணையும் தெருவும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

முதல் வீட்டில் ஓர் அப்பத்தா. திண்ணைத் தூணில் சாய்ந்து கால் நீட்டியிருக்கிறார். "நல்லாத்தான் இருக்கேன் தாயி, உக்காரு" என்கிறார், கேள்வி தொடங்கும் முன்பே. வீட்டுக்குள் கன்னடம் பேசும் குடும்பங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் உண்டு. இதுவும் அப்படி ஒன்று. தமிழ்க் கேள்வியைக் கேட்டதும் அப்பத்தா பேத்தி பக்கம் திரும்பிக் கன்னடத்தில் நெடுநேரம் பேசுகிறார். கை ஆடுகிறது, நெஞ்சைத் தொடுகிறது, மலைப்பக்கம் காட்டுகிறது. பேத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சில நாள்னு போடுங்கக்கா" என்கிறாள். மூத்தவள் 1 எழுதவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "அப்பத்தா என்னதான் சொன்னாங்க?" என்று கேட்கிறாள். பேத்தி தயங்கித் தயங்கிச் சொல்கிறாள்: தாத்தா போனதிலிருந்து ராத்திரியில் நெஞ்சு திக்கு திக்கென்று அடித்துக்கொள்கிறதாம். எழுந்து உட்கார்ந்துகொள்வாராம். பக்கத்தில் படுத்திருக்கும் பேத்திக்கே தெரியாதாம்.

"எத்தன நாளாங்க அப்பத்தா?"

"அது எப்பவும் போலத்தானத்தா. வருசமாச்சு."

இந்த 'எப்பவும் போல' கேள்வித்தாள்களுக்கு வெகுகாலமாகத் தொல்லை கொடுத்து வந்திருக்கிறது. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் டேவிட் கோல்ட்பர்க் 1972-ல் வெளியிட்ட பொது உடல்நல வினாத்தாள் உலகெங்கும் புழங்கியது. வழக்கத்தை விட அதிகமாகக் கவலைப்படுகிறீர்களா என்ற பாணியில் கேட்பது அது. பல வருடமாகத் தூங்காதவர் வழக்கம் போலத்தான் என்பார், அந்தப் பதிலுக்கு மதிப்பெண் பூஜ்யம். துக்கம் பழசாகிப்போனால் கணக்கிலிருந்தே விழுந்துவிடும். இந்தக் குறையைச் சரிக்கட்ட 1985-ல் மதிப்பெண் போடும் முறையையே சிலர் மாற்றிப் பார்த்தார்கள். இந்தப் பெண்களின் படிவம் எத்தனை நாள் என்று நேராகக் கேட்கிறது, அதனால் அப்பத்தாவின் ராத்திரிகள் தப்பித்தன. மூத்தவள் 3 எழுதுகிறாள். நல்ல படிவம் என்பதைவிட, பேத்தி சொன்ன ஒற்றைச் சொல்லோடு அவள் நிறுத்திக்கொள்ளாததுதான் அந்த 3-ஐக் கொண்டுவந்தது என்று எனக்குப் படுகிறது.

அடுத்த வீட்டு வாசலில் தொட்டில் ஆடுகிறது. குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும். தாய்க்கு இருபது வயது தாண்டியிருக்கும், அவ்வளவுதான். மாமியார் நிலைப்படியில் சாய்ந்து நிற்கிறார். கேள்வி மருமகளைப் பார்த்துப் போகிறது, பதில் மாமியாரிடமிருந்து வருகிறது. "அவளுக்கென்ன கொற? மூணு வேளையும் உக்கார வச்சுச் சோறு போடுறோம்." மருமகள் சிரிக்கிறாள். எதிலும் ஈடுபாடு குறைந்ததா? தலையை இல்லையென்று ஆட்டுகிறாள். மனசு தளர்ந்துபோகிறதா? இல்லை. தூக்கம்? "பிள்ள அழுதா முழிப்பேன்." எல்லாம் 0, 0, 1.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நிறைமாதக் கர்ப்பிணிகள் 359 பேரைக் கேட்டுத் தொடங்கிய ஓர் ஆய்வு 2002-ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகும் அந்தப் பெண்களைத் தேடிப் போனார்கள். புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். யாருக்கு வந்தது என்று பார்த்தபோது வறுமை தெரிந்தது, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது தெரிந்தது, ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது தெரிந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள பிணக்கு தெரிந்தது. இங்கே நிலைப்படியில் நிற்கும் அம்மா கெட்டவர் அல்ல. பேசும்போதே தொட்டில் கயிற்றை இழுத்துவிட்டுக்கொண்டு இருக்கிறார். ஆனாலும் அவர் அங்கே நிற்கும்வரை தாளில் ஏறுவது அந்த வீட்டின் மானம். மருமகளின் மனசு அதில் வராது.

இளையவள் எழுந்து மாமியாரிடம் போகிறாள். "அம்மா, உங்களையும் கேக்கணும். இப்படி வாங்க, வெளிச்சத்துல உக்காருவோம்." மாமியார் முகம் மலர்கிறது. தன்னையும் ஒருவர் கேட்க வந்திருக்கிறார் அல்லவா. மூட்டு வலியில் தொடங்கி மூத்த மகன் திருப்பூரிலிருந்து பேசாதது வரைக்கும் விலாவாரியாகச் சொல்கிறார். இது சும்மா ஒரு தந்திரம் என்று நினைத்தேன். இல்லை, இளையவள் நிஜமாகவே எழுதிக்கொள்கிறாள். மாமியாரின் தாளில் எண்கள் கூடிக்கொண்டே போகின்றன.

அந்தப் பக்கம் தொட்டிலருகே மூத்தவள் குரலைத் தாழ்த்தி மறுபடி முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறாள். என் பெஞ்சும் கேட்கும் தூரத்தில்தான் இருக்கிறது. நான் எழுந்து கடையின் பின்பக்கம் போய் நிற்கிறேன். அங்கிருந்து பேச்சு கேட்காது, ஆள் தெரியும். பேனா தாளின் மேல்வரிகளுக்குத் திரும்பிப் போகிறது. அடிக்கிறாள், எழுதுகிறாள். இன்னொன்றையும் அடிக்கிறாள். அந்தப் பெண் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, முகம் குனிந்தபடி பேசிக்கொண்டே இருக்கிறாள். முதல் தடவை அத்தனை கேள்விக்கும் ஆன நேரம் இப்போது ஒரு கேள்விக்கு ஆகிறது.

கேள்வித்தாளை எத்தனையோ விதமாகச் சோதிப்பார்கள். மொழிபெயர்த்து, திரும்ப மொழிபெயர்த்து, மருத்துவர் தீர்ப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, மறுவாரம் இன்னொரு தடவை கேட்டு. இவ்வளவும் வேண்டியதுதான். பதில் சொன்னபோது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று எழுத இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஒரே பெண், ஒரே தாள், ஒரே இரண்டு வாரம். நகர்ந்தது மாமியார் மட்டும்தான். எண் மாறிவிட்டது.

இரண்டு பெண்களும் டீ குடிக்க வருகிறார்கள். கடைக்காரர், "ஊருல எத்தன பேருக்கு இருக்குன்னு வருதும்மா?" என்று கேட்கிறார். ஊர்க்கணக்கை இப்போதே சொல்ல முடியாது என்று மூத்தவள் சொல்லிவிட்டு, படித்ததைச் சொல்கிறாள். சென்னையில் 20 வயது கடந்த 25,455 பேரைக் கேட்டு 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று. சர்க்கரை நோய் மருத்துவர் மோகனின் குழுவினர் செய்தது, 12 கேள்விப் படிவம். 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. பெண்களில் 16.3, ஆண்களில் 13.9. வருமானம் குறைந்தவர்களில் 19.3, கூடியவர்களில் 5.9. கடைக்காரர் அந்தக் கடைசி இரண்டு எண்களுக்குத்தான் தலையாட்டுகிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள். 34,802 பெரியவர்களைச் சந்தித்தார்கள். அப்போது மனச்சோர்வில் இருந்தவர்கள் 2.7 சதவீதம் என்று வந்தது. 15 எங்கே, 2.7 எங்கே? ஒன்று நகரம், மற்றது நாடு. அதைவிட முக்கியமானது, அளக்கும் விதமே வேறு. சென்னைப் படிவம் அறிகுறிகளைக் கூட்டிச் சொல்வது, சந்தேகத்துக்கு உரியவர்களையும் சேர்த்தே பிடிக்கும். நிம்ஹான்ஸ் பயன்படுத்தியது நோயை உறுதிசெய்யும் நேர்காணல். அதில் முதல் இரண்டு கேள்விகள் வாசல் மாதிரி. மனசு தளர்ந்திருக்கிறதா, எதிலும் நாட்டம் போய்விட்டதா என்ற இரண்டுக்கும் இல்லை என்றால் அடுத்த கேள்விகளே கிடையாது, அடுத்த நோய்க்குப் போய்விடுவார்கள். உடம்பு அசதியென்று மட்டும் சொல்லும் பெண் வாசலிலேயே நின்றுவிடுவாள். தொட்டிலருகே முதல் தடவை இல்லையென்று தலையாட்டியவளும் அப்படித்தான். அந்த 2.7-ஐச் சிறிய எண் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அப்படி வாசல் தாண்டி உறுதியானவர்களிலேயே 100-க்கு 85 பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று அதே ஆய்வு சொல்கிறது.

கடைக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு திராட்சைக்காரர். இந்த ஐப்பசியில் மலைமேல் மேகம் இறங்கி நிற்கிறது. பன்னீர் திராட்சை வெட்டுக்கு வந்திருக்கும் நேரம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், ஆனால் ஒரு நல்ல மழை விழுந்தால் பந்தலிலேயே வெடித்துப்போகும். வியாபாரி நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி நாளாகிறது. இவரிடம் மூத்தவள் கேட்கிறாள்: கவலையை நிறுத்த முடியாமல் போகிறதா?

"வெவசாயிக்குக் கவலை இல்லாமயா? அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா." சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள்.

நிம்மதியாக உட்கார முடியாத அளவுக்குப் பரபரப்பு? "இல்ல." வலது முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. இரவு இந்தத் தெருவில் விளக்கணைந்த பிறகும் இவர் வாசலில் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கதவுக்குப் பின்னால் நிற்கும் அவர் மனைவியும் பார்த்திருப்பார். அவர் வாய் திறக்கவில்லை. கடந்த இரண்டு வாரம் என்பது இவருக்குப் பழம் பழுத்த இரண்டு வாரம். கவாத்து முடிந்து கொடி துளிர்க்கும் வாரங்களில் கேட்டிருந்தால் வேறு ஆள் பேசியிருப்பார். நாளைக்கு மழை பெய்துவிட்டால் மறுபடி வேறு.

மனச்சோர்வுப் படிவத்தில் கடைசியாக நிற்பது ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் தேவலை, தன்னையே ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு வந்ததா என்பது. மூத்தவள் அதை வாசிக்கவில்லை. அட்டையைத் திருப்பி அவர் மடியில் வைத்து, பேனாவையும் கொடுக்கிறாள்.

"இதை மட்டும் நீங்களே படிச்சு டிக் பண்ணிருங்கண்ணே."

நின்றவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எழுதிக் குடுக்காதப்பா, ஸ்டேசன் கேசாயிரும்" என்கிறார். அந்தப் பயம் காலாவதியாகிவிட்டது. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் தர வேண்டும் என்கிறது. முயன்றவருக்கே அப்படி. நினைப்பு வந்ததென்று சொன்னவர்மேல் என்ன கேஸ்? மூத்தவள் அதை அந்த மனிதரிடம் பொறுமையாகச் சொல்கிறாள். தமிழ்நாட்டில் 2022 என்ற ஒரே வருடத்தில் தற்கொலையில் போனவர்கள் 19,834 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த இந்தத் துயரத்தைப் பற்றி உயிரோடிருக்கும்போது ஒருவரைக் கேட்பதற்கு ஒன்பதாவது கேள்வி போன்ற வாய்ப்புகள் மிகக் கொஞ்சம். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக முளைத்துவிடாது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

திராட்சைக்காரர் படிக்கிறார். முழங்கால் நின்றுவிட்டது. படித்த வரியையே மறுபடி படிக்கிறார் போலிருக்கிறது. டிக் அடித்து, அட்டையைக் கவிழ்த்துக் கொடுக்கிறார். எதில் அடித்தார் என்று எனக்குத் தெரியாது, நின்ற நாலு பேருக்கும் தெரியாது. மூத்தவள் பார்த்துவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல், "அண்ணே, உங்க தோட்டத்தக் கொஞ்சம் காட்டுறீங்களா?" என்கிறாள். இருவரும் முன்னால் நடக்கிறார்கள், இளையவள் பத்தடி பின்னால். திரும்பி வரும்போது அவர் சட்டைப்பையில் மடித்த தாள் துருத்திக்கொண்டிருக்கிறது. 14416, மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம் என்று மனைவியிடமும் சொல்லிவிட்டுப் போகிறாள். தங்கள் பேராசிரியரும் டாக்டரும் நாளை அவரோடு போனில் பேச ஏற்பாடு என்று இளையவளிடம் சொல்வது கேட்கிறது.

ஏழு மணிக்குக் கடைசி வீடு. மலையிலிருந்து இறங்கிய பெண், இன்னும் தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. அடுப்பில் உலை. "கேளுங்க, கை வேல பாக்கும், காது கேக்கும்."

"தூக்கம் எப்படிக்கா?"

"மூணரைக்கு எந்திரிச்சாத்தான் சோறாக்கிட்டு ஜீப்பப் புடிக்க முடியும். என்னத்தத் தூங்குறது?"

"அசதி?"

"நாள் பூராம் குனிஞ்சு காய் எடுத்துப் பாரு, தெரியும்."

தூக்கத்துக்கு 3, அசதிக்கு 3. இரண்டு கேள்வியிலேயே 6. அந்தப் படிவத்தின்படி 5-லிருந்தே லேசான மனச்சோர்வு. ஏலத்தோட்டத்துக்குப் போகும் எல்லாப் பெண்களையும் இப்படிக் கூட்டினால் நோயையும் உழைப்பையும் பிரிக்க முடியாமல் போகும். இளையவள்தான் இப்போது கேட்கிறவள். பேனாவை நிறுத்தி யோசிக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை வேல இல்லாதப்ப எப்படிக்கா இருக்கும்?"

அந்த அம்மா கரண்டியை வைத்துவிடுகிறார். "முன்னயெல்லாம் ஞாயித்துக்கிழமைன்னா துணி தொவைக்க ஆத்துக்குப் போவோம், கறி எடுப்போம். இப்ப அன்னைக்கும் எந்திரிக்க மனசு வரல. சொவத்தப் பாத்துப் படுத்துக்கெடக்கேன். பிள்ளைக பசின்னாலும் எரிச்சலா வருது."

இளையவள் மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறாள். கூட்டிப் பார்த்து மூத்தவளிடம் காட்டுகிறாள். கம்பம் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் வர முடியுமா என்று மூத்தவள் கேட்கிறாள்.

"ஓ.பி. காலையிலதான? அப்ப அன்னைக்குச் சம்பளம் போச்சு. ஒரு நாள் போகலைன்னா ஜீப்புல எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாக."

இதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை. சாயந்திரம் பார்க்கும் டாக்டர் யாராவது உண்டா என்று விசாரித்து வருவதாக மூத்தவள் சொல்கிறாள். மழுப்பலாகச் சொல்லவில்லை, கேட்க வேண்டியவர் பெயரையும் போன் எண்ணையும் உள்ளங்கையில் குறித்துக்கொள்கிறாள். கிளம்ப எழுந்தவர்களை அந்த அம்மாதான் நிறுத்துகிறார்.

"எங்க ஜீப்புல ஒரு பிள்ள வருது. முன்னயெல்லாம் பாட்டுப் போட்டா கூடப் பாடிக்கிட்டே வரும். இப்ப வாயே தெறக்கிறதில்ல. அதத்தான் நீங்க கேக்கணும்."

"அவங்க வீடு எங்கக்கா?"

"வீட்டுல வச்சுக் கேக்காத. புருசன் இருப்பான், ஒண்ணும் சொல்லாது. நாளைக்கு ஜீப்பு எறங்குற எடத்துல நில்லு. நான் கூட்டியாரேன்."

"எத்தன மணிக்குக்கா?"

"ஆறு, ஆறேகாலுக்கு வந்துரும். மழ பேஞ்சா ஏழாயிரும்."